வேறு ஆள்

போன மாதம் நான் வேலை பார்த்த பழைய கடற்றொழில் கந்தோரில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். ‘செயற்கை நுண்ணறிவும் சமூகமும்: ஓர் அறிமுகம்’ என்று வாசலில் பெரிய பதாகை. அந்தக் கந்தோரில் முதன்முதல் கொம்பியூட்டரைத் தொட்டவள் நான் என்பதால், கால் மணித்தியாலம் பேச என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்டவள் தர்ஷினி. நான் ஓய்வு பெற்ற வருடம் எனக்குக் கீழே வேலை பழகியவள், இன்றைக்குப் பதிவுப் பிரிவுக்குப் பொறுப்பு.

“பழைய கதை நாலு சொல்லுங்கோ மிஸ். பிள்ளையள் கொஞ்சம் சிரிக்கட்டும்,” என்றாள்.

சிரிக்க வைக்கும் சாமான்களோடுதான் உப்புவெளியில் இருந்து பஸ் ஏறினேன். கொம்பியூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போன கதை, அதற்குத் தூசி படாமல் பழைய சேலையால் மூடி வைத்த கதை. எனக்கு முன்னால் கொழும்பில் இருந்து வந்த ஒரு பயிற்றுநர் பேசினார். நல்ல பொடியன், தெளிவாகச் சொன்னான். “முந்தி மெசினுக்கு நாங்கள் விதி சொல்லிக் குடுத்தம். இப்ப விதி சொல்லத் தேவையில்லை. பழைய பதிவுகளைக் காட்டினால், எது எதோட ஒத்துப்போகுது எண்டு அதுவே படிச்சுக்கொள்ளும்.” பிறகு, போன கிழமை எங்கள் மாவட்டத்திலேயே அது பிடித்த ஒரு மோசடி என்று சொல்லி, திரையில் ஒரு பதிவைக் காட்டினான்.

கணேசன் நடராசா, சாம்பல்தீவு. இறந்தவர். மறுபெயர்: நடராசா கணேசன். ஒத்த தன்மை: தொண்ணூற்றேழு.

“செத்த ஆள் படகு பதிய வந்திருக்கிறார்,” என்றான். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. திரையின் கீழ் மூலையில் சின்ன எழுத்தில், முதலில் பதிந்தவர் மங்களம் என்று இருந்தது. மங்களம் நான்தான்.

என் முறை வந்ததும் எழுந்து நின்று, “தம்பி, இது ரெண்டு பேர்,” என்று மட்டும் சொன்னேன். “தொண்ணூற்றேழு மிஸ்,” என்றான் அவன் மரியாதையாக. மேலே கதை வரவில்லை. தர்ஷினி என்னைக் கைபிடித்து இருத்தி வெறுந்தேத்தண்ணி தந்தாள். அன்றைக்குச் சொல்ல ஏலாமற்போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தட்டெழுத்தாளராகச் சேர்ந்தவள். அப்பா புகையிரதப் பகுதியில் வேலை பார்த்ததால் சின்ன வயதில் தென்பகுதி ஊர்களில் வளர்ந்தேன், அதனால் சிங்களம் தண்ணி பட்ட பாடு. மூன்று மொழி தெரிந்தவள் என்று கடற்பாஸ் பிரிவில் போட்டார்கள். மற்றப்படி பழகின காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நிறையப் பிழை விட்டேன், நிறைய ஏச்சு வாங்கினேன்.

போர்க்காலத்தில் பாஸ் இல்லாமல் யாரும் கடலுக்குப் போக ஏலாது. நிலாவெளியில் கரைவலை இழுப்பவர் தொடக்கம் கிண்ணியாவில் தோணி வைத்திருப்பவர் வரை ஒவ்வொருவருக்கும் எங்களிடம் ஒரு காட், பெயரும் படமும் உள்ள மட்டை அட்டை, இருந்தது. மேலிடத்தில் இருந்து அடிக்கடி, தேடப்படுகிறவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று வரும். அதில் உள்ளவர் எங்கள் காட்டுகளில் இருந்தால் இறங்குதுறைக்கு அறிவிக்க வேண்டும், அங்கே ஆளை மறித்து விசாரணைக்குக் கொண்டுபோவார்கள். பட்டியலில் வயது இராது, அடையாள அட்டை நம்பர் இராது, வெறும் பெயர், அதுவும் ஆங்கிலத்தில். நடராசா என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் எழுத எங்கள் கந்தோருக்குள்ளேயே ஆறு விதம் இருந்தது. ரி (T) போடுகிறவர், டி (D) போடுகிறவர், ஜே போடுகிறவர், எஸ் போடுகிறவர். ஒரு எழுத்தில் ஒருவனின் வீடு இருண்டு போகும்.

பட்டியலையும் காட்டையும் ஒத்துப்பார்க்கும் வேலையை, எங்கள் கிளார்க்குகளுக்கெல்லாம் தலைவரான பிரதம லிகிதர் மஜீத் சேர் வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார். கிண்ணியாக்காரர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பொக்கற்றில் ஒரு கட்டைப் பென்சில். பட்டியலில் உள்ள பெயரோடு கொஞ்சமாவது ஒத்துப்போகிற காட்டுகளை எல்லாம் எடுத்து மேசையில் பரப்புவார். ஒன்றின்மேல் ஒன்று வைக்க விடமாட்டார். “ஒரு காட்டுக்கு மேல இன்னொரு காட்ட வச்சா, கீழ இருக்கிற மனுசன் மறைஞ்சு போவான் புள்ள,” என்பார். பிறகு ஆளைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்துவார். ‘உன் பெயர் இதுவா’ என்று ஒருநாளும் கேட்கமாட்டார்.

“பயந்த மனுசன் எதுக்கும் ஓம் எண்டுதான் சொல்லுவான். ஓம், இல்லை எண்டு பதில் வாற கேள்வியைக் கேக்கப்படாது.”

அவர் கேட்பது வேறு கேள்விகள். வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள்? உங்களுக்கு யாருடைய பெயரை வைத்தார்கள்? தோணியில் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் யார்? ஊர்க்கதை கதைப்பதுபோல இருக்கும். ஒரு மணித்தியாலமும் ஆகும். முடிவில் காட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் இரண்டு சொல் எழுதிக் கையெழுத்துப் போடுவார்: வேறு ஆள். அந்த இரண்டு சொல் இருந்தால் அந்த மனிதர் அடுத்த நாள் கடலுக்குப் போகலாம். உறுதியாகத் தெரியாவிட்டால் “தெரியாது” என்று எழுதுவார். அப்படி எழுத வெட்கப்பட மாட்டார். தெரியாது என்றால் மறிக்கக்கூடாது, இன்னும் விசாரிக்க வேண்டும் என்பது அவர் வகுத்த சட்டம்.

எனக்கு இது பெரிய நேரச் செலவாகத் தெரிந்தது. வாசலில் வரிசை வெயிலில் நிற்கும், இவர் உள்ளே ஒருவரிடம் அவருடைய பாட்டனாரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பார். கொம்பியூட்டர் வரப்போகிறது என்றதும் மற்ற எல்லோரையும் விடச் சந்தோசப்பட்டவள் நான்.

அதோடு ஒரு புரோகிராம் எழுதுபவரும் வந்தார். தமிழ் தெரியாதவர். எந்தத் தமிழ்ப் பெயர் எதோடு ஒன்று என்று மெசினுக்குச் சொல்லிக் கொடுக்க விதிகள் வேண்டும் என்றார். நான் ஒரு கொப்பி நிறைய எழுதிக் கொடுத்தேன். ரியும் டியும் ஒன்று. ஜேயும் எஸ்ஸும் ஒன்று. கேயும் ஜீயும் ஒன்று. பிறகு, நானே யோசித்து, கடைசி விதியைச் சேர்த்தேன். அதை நினைத்துத்தான் இன்றைக்கும் எனக்கு நித்திரை கெடுகிறது.

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர், பிறகு தன் பெயர். படிவத்தில் ‘முதற்பெயர்’, ‘கடைசிப் பெயர்’ என்று இரண்டு பெட்டி இருந்தால் ஒருவர் தகப்பன் பெயரை முன்னால் போடுவார், இன்னொருவர் பின்னால் போடுவார். ஒரே ஆளுக்கு இரண்டு விதமாகப் பதிவு இருக்கும். ஆகவே இரண்டு பெயரும் இடம் மாறியிருந்தால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள் என்று எழுதினேன். புரோகிராம்காரர் கை குலுக்கினார். இப்படி ஒரு விதி தனக்கு ஒருநாளும் தோன்றியிராது என்றார்.

அவருக்குத் தோன்றாது. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் மூத்த பேரனுக்குப் பாட்டன் பெயரை வைப்பார்கள். கணேசனின் மகன் நடராசா என்றால் அவர் கணேசன் நடராசா. அவருடைய மகனுக்குப் பாட்டன் பெயர் வைத்தால் அவன் நடராசா கணேசன். இடம் மாறிய இரண்டு பெயர், தகப்பனும் மகனும். என் சொந்த அண்ணனின் மகனுக்கே எங்கள் அப்பாவின் பெயர்தான். இந்த விதியை எழுதுகிறபோது அது என் மண்டையில் ஏறவே இல்லை.

காட்டுகள் எல்லாவற்றையும் பதிந்து முடித்ததும் மெசின் தானாகவே ஒத்த பதிவுகளைத் தேடி ஒன்றாக்கியது. இடம்பெயர்வில் அடையாள அட்டை தொலைத்தவர்கள், இன்னும் எடுக்காதவர்கள் என்று நம்பர் இல்லாத காட்டுகள் ஏராளம். வெற்றுப் பெட்டி இருந்தால் மற்றப் பதிவில் உள்ள நம்பரை எடுத்து அதில் போட்டுக்கொண்டது. பட்டியல் வந்தால் ஐந்து நிமிடத்தில் பெயருக்குப் பெயர், ஒத்த தன்மை நூற்றுக்கு எத்தனை என்று புள்ளி போட்டுத் தந்தது. எண்பத்தைந்துக்கு மேலே போனால் நேரடியாக இறங்குதுறைக்கு அறிவிக்கலாம் என்று புதுக் கட்டளை வந்தது. கதிரையும் வேண்டாம், ஊர்க்கதையும் வேண்டாம்.

மஜீத் சேர் என் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்தார். “இது எப்பயாச்சும் தெரியாது எண்டு சொல்லுமா புள்ள?”

“இல்லை சேர். புள்ளி குறைவாப் போடும்.”

“அது தெரியாதுக்குச் சமனில்லயே,” என்றார். வயதான மனிதர் புதியதைக் கண்டு பயப்படுகிறார் என்று நான் உள்ளுக்குள் சிரித்தேன்.

ஆறு மாதம் போயிருக்கும். ஒரு காலை இறங்குதுறையில் சாம்பல்தீவு நடராசாவை மறித்தார்கள். ஐம்பது வயது, கறுத்து மெலிந்த மனிதர். எட்டு வருடமாகப் பாஸ் புதுப்பிக்க என்னிடம் வருகிறவர். “மிஸ், படத்தில நான் கள்ளன் மாதிரி இருக்கிறன், வேற படம் எடுத்துக்கொண்டு வரட்டோ?” என்று ஒவ்வொரு முறையும் அதே பகிடியை விடுவார். பட்டியலில் இருந்த பெயர் நடராசா கணேசன். மெசின் போட்ட புள்ளி தொண்ணூற்றுநாலு.

பின்னேரம் அவரை விசாரிக்கும் இடத்துக்கு என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். போகிற வழியெல்லாம் எனக்குப் பயமில்லை, எரிச்சல்தான். பிழை நடந்திருக்கிறது, போய் ஒரு வார்த்தை சொன்னால் சரி என்று நினைத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. எனக்குக் கதிரை தந்தார். முன்னால் எங்கள் கந்தோர்த் தாள். நடராசா சுவரோரம் ஒரு மர வாங்கில் குந்தி, கையைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார்.

“இது அவருடைய பெயரா என்று கேளுங்கள்,” என்றார் அதிகாரி சிங்களத்தில்.

மஜீத் சேர் ஒருநாளும் கேட்காத அந்தக் கேள்வியை நான் கேட்டேன். “உங்கட பேர் நடராசா கணேசனோ?”

அவர் தலையை நிமிர்த்தி என்னையே பார்த்தார். “ஓம் மிஸ். அது நான்தான்.”

எனக்கு விளங்கவில்லை. பயத்தில் உளறுகிறார் என்று நினைத்து இன்னொரு முறை, மெதுவாக, “வடிவாக் கேளுங்கோ அண்ணை. நடராசா கணேசன். அது நீங்களோ?” என்றேன்.

“எனக்கு வடிவா விளங்குது மிஸ். ரெண்டு பேராலயும் என்னைத்தான் கூப்பிடுறது. வேற ஆள் இல்லை.”

வேற ஆள் இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பெயரில் ஒரு ஆள் இருக்கிறான். அவருடைய மகன். இருபத்திரண்டு வயது, இரண்டு வருடத்துக்கு முன் தகப்பனோடு வந்து என்னிடம்தான் பாஸ் எடுத்தான். அடையாள அட்டை வராததால் அவன் காட்டில் நம்பர்ப் பெட்டி வெறுமையாக இருந்தது. மெசின் அவனைத் தகப்பனுக்குள் போட்டு மூடிவிட்டது. என் பிழைக்குள் மகனை ஒளித்து வைக்கலாம் என்று அந்த மனிதர் அந்த வாங்கில் இருந்தபடியே கண்டுபிடித்திருக்கிறார்.

அதிகாரி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மொழிபெயர்த்தேன். ஆம் என்கிறார், வேறு ஆள் இல்லை என்கிறார். அதிகாரி அதைத் தாளில் மறுபெயர் என்று எழுதினார், பிறகு அது எங்கள் பதிவிலும் ஏறியது.

கந்தோருக்கு வந்து மஜீத் சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அலுமாரியைத் திறந்து பழைய காட்டுகளை எடுத்தார். கொம்பியூட்டர் வந்த பிறகு அவற்றை எரிக்கச் சொல்லியிருந்தார்கள்; அவர் எரிக்கவில்லை. தகப்பன் காட்டையும் மகன் காட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டு படம், ஒரே மூக்கு. பென்சிலை எடுத்து மகனுடைய காட்டின் பின்பக்கத்தில் வேறு ஆள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை எங்கும் அனுப்பவில்லை.

அடுத்த நாள் நடராசாவின் மனைவி பூமணி வந்தார். அவரிடம் நான் நடந்ததைச் சொன்னேன். மஜீத் சேர் இரண்டு காட்டையும் அவர் பக்கம் தள்ளினார்.

“மகன் எங்க இருக்கிறார்?”

“கொழும்பில சேர். வெளிநாடு போக நிக்கிறான். அவன் ஒண்டுக்கும் போகாத பிள்ளை.”

“எனக்குத் தெரியும். இந்தப் பேர்ல ஊருக்கு ஊர் ஆள் இருக்கு. பட்டியல்ல இருக்கிறது ஆரெண்டு அவங்களுக்கே தெரியாது. இந்தக் காட்ட நான் குடுத்தா அவர் வெளியில வருவார். ஆனா அவங்க கேக்கிற அடுத்த கேள்வி, இந்தத் தம்பி எங்க எண்டுதான்.”

பூமணி அழவில்லை. மகனுடைய படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காட்டைக் கவிழ்த்து வைத்தார்.

“அவர் யோசிச்சுத்தான் சொல்லியிருப்பார். அவர் சொன்னபடியே இருக்கட்டும் சேர்.”

என் மேசையில் அந்த மெசின் சேலையால் மூடிக்கிடந்தது. அதைத் தூக்கி நிலத்தில் அடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அது என்ன செய்தது? நான் எழுதிக் கொடுத்ததைச் செய்தது.

பதினொரு மாதம் கழித்து நடராசாவை விட்டார்கள். ஏன் பிடித்தோம் என்றும் சொல்லவில்லை, ஏன் விடுகிறோம் என்றும் சொல்லவில்லை. மகன் அதற்குள் வெளிநாடு போய்விட்டான். ஒரு நாள் அவர் தடி ஊன்றிக்கொண்டு கந்தோருக்கு வந்தார். பாஸ் கேட்கத்தான் வந்தார் என்று நினைத்து நான் எழுந்தேன். அவர் பாஸ் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

“மிஸ், அந்த மெசினில இப்பவும் ரெண்டு பேரும் நான்தானே?”

“ஓம் அண்ணை.”

“அப்பிடியே இருக்கட்டும். திருத்திப் போடாதையுங்கோ.”

இந்த முறை படத்தைப் பற்றிப் பகிடி விடவில்லை. பிறகு அவர் கடலுக்கே போகவில்லை என்று கேள்விப்பட்டேன்.

மஜீத் சேர் ஓய்வு பெற்ற அன்று ஒரு கடித உறையை என்னிடம் தந்தார். உள்ளே அந்த இரண்டு காட்டும் இருந்தன. “இது கந்தோர்ச் சாமானில்ல புள்ள, ரெண்டு மனுசர். பத்திரமா வச்சிருங்க. ஒரு நாளைக்குத் தேவைப்படும்.” அவர் போய்ச் சேர்ந்தும் பல வருடமாகிறது. போர் முடிந்த பிறகு நான் பதிவைத் திருத்தியிருக்கலாம். நடராசா செத்துப்போனார் என்று கேள்விப்பட்ட அன்றாவது திருத்தியிருக்கலாம். மறந்துவிட்டேன் என்று எழுதினால் பொய். அந்தப் பதிவைத் திறந்தால் என் குரலில் அந்தக் கேள்வி கேட்கும். அதற்குப் பயந்து ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போய்விட்டேன்.

எங்கள் பழைய பதிவுகளை எல்லாம் இப்போது புது மெசினுக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு அறிவு என்று பெயர். நான் அதற்கு எதிரி இல்லை. கனடாவில் இருக்கும் மகளின் முகத்தை எனக்குக் காட்டுவதும் ஒரு மெசின்தான், என் கண் ஒப்பரேசனுக்கு முன் படத்தைப் பார்த்துச் சொன்னதும் ஒரு மெசின்தான். ஆனால் அது படித்த பதிவில் நடராசா ஓம் என்றது இருக்கிறது. ஏன் ஓம் என்றார் என்பதற்கு அதில் பெட்டி இல்லை. அவரும் மகனும் ஒரே ஆள் என்று ஒரு தகப்பனே ஒப்புக்கொண்ட பதிவை அது எங்களைவிட நம்பிப் படித்திருக்கிறது. பிறகு அந்தத் தகப்பனின் மரணத்தை எடுத்து மகனுக்கும் போட்டுவிட்டது. அந்த மண்டபத்தில் இருந்த பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைத்தது ஒன்றுதான். புள்ளி எத்தனை என்று பார்க்கிறதோடு நிற்காதையுங்கோ, அந்த மனிதரைக் கதிரையில் இருத்தி அவருடைய கதையைக் கேளுங்கோ.

வகுப்புக்கு அடுத்த நாள் உறையை எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போனேன். நான் கேட்டபடி தர்ஷினி அந்தப் படகுக்காரரை வரச் சொல்லியிருந்தாள். வாசலில் நின்றவரைக் கண்டதும் நடராசாவே நிற்கிறார் என்று நினைத்தேன். நாற்பதைத் தாண்டிய மனிதர், கறுத்து மெலிந்த உடம்பு, அதே மூக்கு. பிரான்சில் இருந்து திரும்பி வந்து சாம்பல்தீவில் ஒரு படகு வாங்கியிருக்கிறார். ஒரு கிழமைக்கு மேலாகப் படகு கரையில் கிடக்கிறது. செத்தவர் பெயரில் ஆள்மாறாட்டம் என்று அவர் மேல் முறைப்பாடும் எழுதி வைத்திருந்தார்கள்.

கதிரையில் இருத்தினேன். “தம்பி, உங்களுக்கு ஆரின்ர பேர் வச்சது?”

“அப்பப்பான்ர பேர். அப்பா வச்சவர்.”

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். என் விதி, வாங்கு, அதிகாரி, நான் கேட்ட கேள்வி. தகப்பன் ஏன் பிடிபட்டார் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. தாய் சொல்லாமலே கண்ணை மூடியிருக்கிறார்.

“ஓம் எண்டு அவரே சொன்னவரோ?”

“அவரேதான். நான்தான் மொழிபெயர்த்தனான்.”

அவர் காட்டைத் திருப்பி மஜீத் சேரின் பென்சில் எழுத்தைப் பெருவிரலால் தடவினார். தர்ஷினி திரையில் திருத்தத்துக்குக் காரணம் தேடினாள். எழுத்துப் பிழை, இரட்டைப் பதிவு, மற்றவை. மூன்றுதான் இருந்தது. மற்றவை என்பதை அழுத்தினாள். பிறகு உறுதிமொழிக்காக ஒரு கேள்வியைத் திரையில் இருந்து அப்படியே வாசித்தாள். அதை அப்படிக் கேட்காதே என்று நான் தடுக்க முன்னமே வாசித்துவிட்டாள்.

“உங்கட பேர் நடராசா கணேசனோ?”

அவர் தலையை நிமிர்த்தினார்.

“ஓம் மிஸ். அது நான்தான்.”